ஜாடிச் சிலந்தியும் ஒரு சுண்டுவிரலும்

கடத்தூர் சந்தைக்கு வந்ததும் வராததுமாக அவர் செய்கிற முதல் வேலை, கண்ணாடி ஜாடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, உள்ளே இருப்பதன் வயிற்றைப் பார்ப்பது. சாக்கை விரிப்பது, எண்ணெய்க் குப்பிகளை அடுக்குவது, வேப்பங்கொத்து ஒடித்து வைப்பது எல்லாம் அப்புறம்தான். "நல்லா குடிச்சிருக்குதுங்க பாய், வயிறு நெறஞ்சிருக்குது" என்பார். இல்லையென்றால், "தோலு சுருங்கினாப்பல இருக்குது. மூடியில தண்ணி காஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சு, என் தப்புதான்" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் நிமிர்ந்திருக்கும். மற்ற நேரமெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம் அது.

ஜாடிக்குள் இருந்தது ஒரு சிலந்தி. வீட்டு மூலையில் வலை கட்டுகிற சங்கதி இல்லை. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். பாப்பாரப்பட்டிப் பக்கம் யாரோ கிணறு வெட்டியபோது மண் கூடையில் ஏறி மேலே வந்ததாம். மண்வெட்டியை ஓங்கினவன் கையைப் பிடித்து நிறுத்தி இவர் வாங்கி வந்துவிட்டார். மிட்டாய்க் கடை ஜாடி, ஆணியால் துளை போட்ட தகர மூடி, பாதி உயரத்துக்கு மணல், மணலில் புதைத்த ஒரு கலர் பாட்டில் மூடி. அந்த மூடிதான் அதற்குத் தண்ணீர்த் தொட்டி. மணலை ஏன் அவ்வளவு உயரத்துக்குக் கொட்டியிருக்கிறீர் என்று கேட்டேன். "கண்ணாடி மேல ஏறிட்டு வழுக்கி விழுதுங்க. உசரத்துல இருந்து விழுந்தா வயிறு வெடிச்சுடும். அதான் பள்ளமே இல்லாம பண்ணிட்டேன்" என்றார். தன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிறவன்கூட இவ்வளவு யோசிக்கமாட்டான்.

நான் தையல்காரன். அறுபதுகளின் கடைசியில் சந்தைக்குச் சந்தை மெஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டு, கிழிசல் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வேப்பமர நிழலில் இந்தப் பக்கம் என் மெஷின், அந்தப் பக்கம் அவருடைய சாக்கு. அவருக்கு நான் பாய், எனக்கு அவர் அண்ணன். சந்தைக்கெல்லாம் அவர் சிலந்திக்காரர். பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களை நான் பார்த்ததில்லை.

தொழில் விஷக்கடி வைத்தியம். கூட்டம் சேர்ந்துவிட்டால் அந்தக் குனிந்த ஆளுக்கு எங்கிருந்துதான் தொண்டை வருமோ! "காணாக்கடி, பூச்சிக்கடி, சிலந்தி எச்சம் பட்ட புண்ணு, அரிப்பு, தடிப்பு, படை! கடிச்சவரும் இங்கதான் இருக்காரு, மருந்தும் இங்கதான் இருக்குது!" என்று ஜாடியைத் தூக்கிக் காட்டுவார். முன்வரிசை இரண்டடி பின்னால் போகும். பாவம், கடிச்சவர் ஜாடிக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்து காட்டுவார்கள். எதைக் காட்டினாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "சிலந்திதாங்க." கொப்புளமா, சிலந்தி. தலையில் பூச்சிவெட்டா, சிலந்தி. மாமியார் சூடு போட்ட தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டு ஒருத்தி வந்தால், அதுவும் சிலந்தி. தொப்பூர் மலையேறிப் போகிற லாரிக்காரர்கள் வருவார்கள். பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்து வந்து, காதோடு சொல்வார்கள். "கணவாயில வண்டிய நிறுத்திட்டுப் படுத்திருந்தனுங்க. லுங்கிக்குள்ள பூந்துடுச்சு." தொப்பூர்ச் சிலந்திகளுக்கு லாரிக்காரர்களின் லுங்கி மேல் அப்படி என்ன மோகமோ! நான் மெஷினை வேகமாக மிதித்து என் சிரிப்பை அதன் சத்தத்தில் போட்டு அமுக்குவேன். அவர் சிரிக்கமாட்டார். வந்தவன் முகத்தையும் பார்க்கமாட்டார். களிம்பை மடித்துக் கொடுத்து, "தர்மபுரி பெரியாஸ்பத்திரியிலயும் ஒரு ஊசி போட்டுக்குங்க. விஷம் சீக்கிரம் எறங்கும்" என்று தரையைப் பார்த்துச் சொல்வார்.

"ஏண்ணே, உமக்குத்தான் என்னன்னு பார்த்ததுமே தெரியுதே. வாயைத் தொறந்து சொன்னா என்ன?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டுவிட்டேன்.

"வெக்கமா இருக்குதுங்க பாய்."

"யாருக்கு, உமக்கா அவனுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான். வூட்டுல போயி சொல்லிக்க அவங்களுக்கு ஒரு பேரு வேணும். பூச்சின்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. இதுக்கு எட்டுக் காலு இருக்குது, தாங்கும்."

ஆனால் சாக்கைச் சுருட்டும்போது ஜாடியின் மூடிப்பக்கம் வாயை வைத்து ஏதோ முணுமுணுப்பார். சாமிக்கு வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காதில் விழுந்தது. "இன்னைக்கும் ஊர்ப்பட்ட பழிய உந்தலையில போட்டுட்டேன். மனசுல வச்சுக்காத." அது யாரையும் கடித்ததே இல்லை என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

மனிதர்களிடம் வாயைத் திறக்காத அந்த ஆள், சிலந்திக்கு ஒன்று என்றால் ஊரைக் கூட்டிவிடுவார். ஒரு மாசிச் சந்தையில் அது ஜாடிக்குள் மல்லாந்து கிடந்தது. காலெல்லாம் மேலே. "வைத்தியரே, உம்ம ஆளு போய்ச் சேந்துட்டாரு!" என்று எதிரே கயிறு விற்கிறவன் கத்தினான். இன்னொருவன் குச்சியை எடுத்துக்கொண்டு ஜாடியைக் குடைய வந்தான். இவர் அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார் பாருங்கள், நானே பயந்துபோனேன்.

"தொடாதடா! சாவல அது, சட்ட மாத்துது! சாவறதா இருந்தா காலெல்லாம் வயித்துக்குக் கீழ மடக்கிக்கும். மல்லாக்கப் படுக்காது. பத்து நாளா தீனி வேண்டாம்னுச்சு, நெறம் மங்குச்சு, கீழ நூலுல பாய் விரிச்சுச்சு, எல்லாத்தையும் நான் பாத்துட்டுத்தான இருக்கறேன்!"

அன்றைக்கு வைத்தியம் கிடையாது. ஜாடியைத் துண்டால் மூடி, மடியோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சந்தை கலைகிற நேரத்துக்கு மெதுவாகத் துண்டை விலக்கிக் காட்டினார். ஒரு காலி உறை தனியாகக் கிடந்தது. பக்கத்தில் புதுக் கருக்கோடு அது நின்றுகொண்டிருந்தது. போன வருஷம் தகர மூடியில் சிக்கி முறிந்த காலுக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு கால் முளைத்திருந்தது. அப்போதும் அதற்குத் தீனி போடவில்லை. "பல்லு இன்னும் எளசா இருக்கும். வெட்டுக்கிளிய உட்டா அது இதத் தின்னுடும்" என்றார்.

அந்தப் பெண் வந்தது அதற்கு அடுத்த ஐப்பசியில். பக்கத்து ஊரில் நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பத்து மருமகள். இடுப்பில் கைக்குழந்தை, முன்னால் மாமியார். அந்த அம்மாள் வரும்போதே முடிவோடு வந்தாள். "வைத்தியரே, இவ கையில எட்டுக்கால் பூச்சி எச்சம் உட்டுடுச்சு. பாருங்க" என்று மருமகளின் இடக்கையைப் பிடித்து நீட்டினாள். முழங்கைக்குக் கீழே வெளிறிப்போன ஒரு படை. அரிப்பு இல்லை, வலி இல்லை.

அவர் மயிலிறகு எடுத்து விஷம் இறக்க ஆரம்பித்தார். நல்ல தோலில் இறகு பட்டதும் அந்தப் பெண் கூச்சத்தில் கையை இழுத்துக்கொண்டாள். வெளிறின இடத்தில் இறகு போனபோது அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி அந்த இடத்திலேயே நீவினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறகு பிடித்த கை அப்படியே நின்றது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

குஷ்டம் என்ற சொல்லை அன்றைக்கு எங்கள் பக்கம் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். பெருவியாதி என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி.

"சிலந்திதாங்க ஆத்தா" என்றார் அவர். மாமியார் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு குப்பி எண்ணெய் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று முழுக்க அவர் ஜாடிப் பக்கம் திரும்பவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. தீபாவளித் துணி அவசரம் எனக்கு.

பொங்கல் கழிந்து ஒரு சந்தையில் சிலந்தி சரியில்லை. வந்ததும் ஜாடியைத் தூக்கிப் பார்த்தவர் பதறிப்போனார். வயிறு காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி சுருங்கி, பின்கால் ஒன்று உள்பக்கமாக மடங்க ஆரம்பித்திருந்தது. மூடியில் தண்ணீர் ஊற்றி, அதன் முகத்தை மெல்லத் தண்ணீரோடு சேர்த்து வைத்தார். விரலால் தொடவில்லை, கோழி இறகால் நகர்த்தினார். "காலு மடங்குதுன்னா உள்ள தண்ணி இல்லைன்னு அர்த்தம் பாய். கண்டவுடனே பாத்துடணும். நாளைக்குன்னு உட்டா எல்லாக் காலும் மடங்கிக்கும், அப்பறம் தண்ணி வச்சும் பிரயோசனமில்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமியாரும் மருமகளும் வந்து நின்றார்கள்.

எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். அவர் குப்பியை நீட்டினார். அந்தப் பெண் இடக்கையை நீட்டி வாங்கப்போனாள். நாலு விரல் குப்பியைப் பிடித்தது. சுண்டுவிரல் மடங்கியே இருந்தது. அவள் அதை நிமிர்த்தப் பார்த்தாள், வரவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டவள் மாதிரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வெரலு எப்பருந்தும்மா?" என்றார் அவர்.

மாமியார் முந்திக்கொண்டாள். "அதத்தான் நானும் கேக்கறேன். பூச்சிதான வைத்தியரே? வேற ஏதாச்சும்னா இப்பவே சொல்லிப்புடுங்க. இவள இன்னைக்கே இவங்கப்பன் வூட்டுல கொண்டுபோய் உட்டுடறோம். கொழந்தைய நாங்க வச்சுக்கறோம். வூட்டுல இன்னும் கட்டிக்குடுக்கற பொண்ணு ரெண்டு இருக்குது."

அந்தப் பெண் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"பூச்சிதாங்க ஆத்தா" என்றார். "ஆனா கெட்ட பூச்சி. எண்ணெய்க்குக் கட்டுப்படாது. உள்ளுக்கு மாத்திரை சாப்புடணும், வருசக்கணக்குல சாப்புடணும். அடுத்த சந்தைக்கு வாங்க, தர்றேன்."

அடுத்த சந்தைக்கு அவர் மூஞ்சி தெரிவதற்குள் சேதி வந்துவிட்டது. சேலம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் பெருவியாதிக்காரர்களுக்கு மாத்திரை கொடுக்க ஜீப் வந்து நிற்கும். மரத்தைச் சுற்றி வரிசை நிற்கும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலை ஏற்றிவிட்டுக்கொள்வார்கள். அந்த வரிசையில் சிலந்திக்காரர் நிற்பதைக் கயிற்றுக்காரன் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டான். ஒரே ஆளாகச் சந்தை முழுக்கச் சொல்லி முடித்தான்.

அவர் வந்து சாக்கை விரித்தபோது இடப்பக்கத்து வெற்றிலைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். வழக்கமான கூட்டம் இல்லை. நான் நகரவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, மெஷினுக்கு அந்த ஒரு நிழல்தான். ஆனால் கோபம் வந்தது. "இருந்தா இருந்துட்டுப் போகுது, என்கிட்டச் சொல்லக்கூடாதா?" என்றேன்.

"எனக்கில்லீங்க பாய்" என்றார். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது.

முதுகில் அவருக்குத் தேமல் உண்டு. ஜீப்காரர்களிடம் அதைக் காட்டியிருக்கிறார். அவர்கள் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டிருக்கிறார்கள். தெரிந்தால் சொல் என்றார்களாம்; தொட்டது தெரியாவிட்டால்தான் அந்த வியாதி. இவர் சொல்லவில்லை. ஊசி முனையால் குத்தினார்கள். அதற்கும் வாயைத் திறக்கவில்லை. "வாயத் தொறக்காம இருக்கறது எனக்கு என்ன புதுசுங்களா" என்றார்.

"பைத்தியமா உமக்கு? அந்தப் பொண்ணை அங்க அனுப்பறதுதான?"

"அந்த மரத்தடியில ஒரு நாள் நின்னா போதும் பாய், பொழுது எறங்கறதுக்குள்ள அவ அப்பன் வூட்டுல இருப்பா. அவ பேரச் சொல்லி நான் வாங்கலாம்னா ஜீப்பு அவ வூட்டு வாசலுக்கே வந்துடும். நான் ஐப்பசியிலயே பாத்துட்டேன். இறகு போட்டப்பவே பாத்துட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டு எண்ணெயக் குடுத்து அனுப்பிட்டேன்." ஜாடியைச் சுட்டிக் காட்டினார். "இதுக்குக் காலு போனா, சட்ட மாத்தறப்ப மொளைக்குது. அவளுக்கு மொளைக்குமா?"

பொட்டலத்தை என் மெஷின் மேல் வைத்தார்.

"என்கிட்ட இனிமே அவங்க வரமாட்டாங்க. நீங்கதான் குடுக்கணும். பாப்பாரப்பட்டியில வேற ஒரு சிலந்தி வைத்தியரு குடுத்து அனுப்பினதாச் சொல்லுங்க. கையத் தண்ணியில ஊறவச்சு, எண்ணெ போட்டு நீவி, அந்த வெரல நிமித்தி நிமித்தி உடணும். ஜீப்புல சொல்லிக்குடுத்தாங்க. அதையும் சொல்லுங்க. எம்பேரு மட்டும் வரவேண்டாம்."

அப்படித்தான் நடந்தது. அவர் மாதாமாதம் புளியமரத்தடியில் நின்றார். நான் மாத்திரைப் பொட்டலத்தைத் தைத்த ரவிக்கைக்குள் மடித்து வைத்துக் கொடுத்தேன். ஜீப்காரர்கள் விசாரிக்க அவர் ஊருக்கும் போனார்கள், ஊரும் தெரிந்துகொண்டது. டீக்கடையில் அவருக்குத் தனிக் கொட்டாங்குச்சி வைத்தார்கள். தர்மபுரியில் கட்டிக்கொடுத்த மகள் வருவதை நிறுத்திவிட்டாள். எங்காவது வெளியூர்ச் சந்தைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றேன். போகவில்லை. மாத்திரையை யாரிடம் கொடுத்தனுப்புவது என்றார். வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, யாரும் வராத சாக்கின் மேல் ஜாடியோடு உட்கார்ந்திருப்பார். "ஒரு வகையில நல்லதுங்க பாய். இப்ப இதும்மேல யாரும் பழி போடறதில்ல" என்பார். வயிறு நிறைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அதற்கு மட்டும் குறைவில்லாமல் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு வருவார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. சந்தைக்கு வருகிற ஒவ்வொருவனும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைச் சுற்றிப் போகும்போது எழுந்து நின்று கத்தலாமா என்றிருக்கும். கத்தினால் ஒரு குழந்தைக்குத் தாய் இல்லாமல் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினை மிதிப்பேன். எங்கள் சந்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தச் சந்தையில்தான் நானும் சோறு தின்றேன்.

மூன்று வருஷம் போயிருக்கும். எழுபதுகள் பிறந்துவிட்டன. மாமியாரும் மருமகளும் ரவிக்கைத் துணி கொடுக்க வந்தார்கள். வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குழந்தை வளர்ந்து, தாயின் கையைப் பிடித்து நடந்துவந்தது. வந்த பிள்ளை நேராக ஜாடியைப் பார்த்து ஓடியது.

"அம்மா, இங்க பாரு! மயிரு மொளச்ச பூச்சி!"

"ஏய்! கிட்டப் போவாத!" தாய் ஓடிவந்து பிள்ளையை இழுத்தாள். இழுக்கிற வேகத்தில் அவர் தோளில் அவள் கை பட்டுவிட்டது. அவர் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைச் சுருக்கிக்கொண்டார்.

"பாத்து வரக்கூடாதா?" என்று மாமியார் மருமகளைத் திட்டினாள். என்னிடம் திரும்பி, "ஏன் பாய், இந்த ரோகம் புடிச்ச ஆள இன்னும் பக்கத்துல வச்சிருக்கீங்க? இவங்கிட்டப் போயி அந்தக் காலத்துல எண்ணெ வாங்கித் தடவினோம் பாருங்க, நெனச்சா ஒடம்பு கூசுது. நல்ல வேளை, பாப்பாரப்பட்டி வைத்தியரு காப்பாத்துனாரு. அந்த மவராசன் நல்லா இருக்கணும்" என்றாள்.

"பாய், கொஞ்சம் தண்ணி இருக்குங்களா?" என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் அருவருப்பு அப்படியே தெரிந்தது. யாரைக் குற்றம் சொல்ல? அவளுக்கு என்ன தெரியும்?

நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்பதுபோல அவர் தலை லேசாக ஆடியது. என் செம்பைக் கொடுத்தேன். அவள் ஓரமாகப் போய், இரண்டு கையிலும் தண்ணீர் ஊற்றி, தரையிலிருந்து மண்ணை அள்ளிப்போட்டுத் தேய்த்தாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். அவர் பட்ட இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஜாடியைத் தூக்கிப் பார்க்கும்போது இருக்கிற முகம் அது. அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அஞ்சு வெரலும் சேந்து தேய்க்குது பாருங்க பாய்."

நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.